முதுமையடைந்த போயிங் 737களும் இந்தியன் ஏர்லைன்ஸும்: ஒரு விமான மாற்றத்தின் வரலாறு

முன்னுரை

ஒரு விமான நிறுவனத்தின் வரலாற்றை அதன் விமானங்களின் வரலாறாகவே எழுதிவிடலாம். எந்த விமானத்தை எப்போது வாங்கியது, எத்தனை ஆண்டுகள் பறக்கவிட்டது, எப்போது ஓய்வு கொடுத்தது என்னும் மூன்று கேள்விகளுக்கான விடையில் அந்நிறுவனத்தின் ஏற்றமும் இறக்கமும் அடங்கிவிடும். இம்மூன்றையும் முன்கூட்டியே கணக்கிட்டு முடிவு செய்யும் பணியே விமானத் தொகுதித் திட்டமிடல் எனப்படுகிறது.

இத்திட்டமிடலில் இருவகைத் தவறுகள் நேரலாம். புதிய விமானத்தை, அதற்கான ஏற்பாடுகள் முதிர்வதற்கு முன்பே வாங்குவது ஒன்று. பழைய விமானத்தை, மாற்ற வேண்டிய காலம் கடந்த பின்னும் வைத்திருப்பது மற்றொன்று. இந்தியாவின் உள்நாட்டு வான்வழியை நாற்பது ஆண்டுகள் ஏறத்தாழத் தனியுரிமையாக ஆண்ட இந்தியன் ஏர்லைன்ஸ், முதல் வகை இடரை 1980களின் இறுதியிலும் இரண்டாம் வகை இடரை அதற்கடுத்த பதினைந்து ஆண்டுகளிலும் சந்தித்தது. இரண்டில் எது அதிகச் செலவு வைத்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒற்றை நடைபாதை விமானங்கள்

பயணிகள் ஜெட் விமானங்களை அவற்றின் உடற்பகுதியின் அகலத்தைக் கொண்டு இருவகையாகப் பிரிப்பர். இருக்கை வரிசைகளுக்கு நடுவே ஒரே நடைபாதை உடையவை குறுகிய உடல் விமானங்கள். இரண்டு நடைபாதைகள் உடையவை அகன்ற உடல் விமானங்கள். போயிங் 737, ஏர்பஸ் ஏ320 ஆகியவை முதல் வகை. போயிங் 747, ஏர்பஸ் ஏ300 ஆகியவை இரண்டாம் வகை.

உள்நாட்டுப் போக்குவரத்தின் முதுகெலும்பு குறுகிய உடல் விமானங்களே. சென்னையிலிருந்து மும்பைக்கோ, டெல்லியிலிருந்து பாட்னாவுக்கோ செல்லும் ஒன்று முதல் மூன்று மணி நேரப் பயணங்களுக்கு அவை பொருத்தமானவை. ஒரு விமானம் ஒரே நாளில் ஐந்தாறு முறைகூட ஏறி இறங்கும். இந்த ஏற்ற இறக்கமே அவற்றின் முதுமைக்கும் காரணமாகிறது.

விமானத்தின் வயதை அளக்கும் முறை

விமானத்தின் வயதை ஆண்டுகளால் மட்டும் அளப்பதில்லை. பறந்த மணி நேரம், ஏறி இறங்கிய எண்ணிக்கை ஆகிய இரண்டையும் சேர்த்தே கணக்கிடுகின்றனர். விமானம் மேலே செல்லும்போது பயணிகள் மூச்சுவிடுவதற்காக உள்ளே காற்றழுத்தம் கூட்டப்படுகிறது. அப்போது அலுமினிய உடல் பலூன்போலச் சிறிது விரிகிறது. தரையிறங்கியதும் பழைய நிலைக்குச் சுருங்குகிறது. இவ்வாறு ஒருமுறை விரிந்து சுருங்குவது ஓர் அழுத்தச் சுழற்சி. பல்லாயிரம் முறை இது நிகழும்போது உலோகம் சோர்வடைந்து, தகடுகளை இணைக்கும் ஆணித் துளைகளின் ஓரங்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் தோன்றுகின்றன. கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் பெரிய விமானம் ஒரு பயணத்தில் பத்து மணி நேரம் பறந்தாலும் ஒரு சுழற்சியே சேரும். அதே பத்து மணி நேரத்தில் ஓர் உள்நாட்டு விமானத்துக்கு ஆறேழு சுழற்சிகள் சேர்ந்துவிடும்.

இதை உலகுக்கு உணர்த்திய நிகழ்வு 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் நடந்தது. அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737-200 ஒன்று 24,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது, அதன் முன்பகுதிக் கூரை பிய்ந்து பறந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். விமானிகள் விமானத்தை மாவுய் தீவில் பத்திரமாக இறக்கினர். அவ்விமானத்துக்கு அப்போது 19 வயது. ஆனால் தீவு விட்டுத் தீவு செல்லும் குறும்பயணங்களால் அது 89,680 சுழற்சிகளை முடித்திருந்தது. கடற்காற்றின் உப்பு அரிப்பும் அதனுடன் சேர்ந்திருந்தது. இதன் பின்னரே முதுமையடைந்த விமானங்களுக்கான சிறப்பு ஆய்வுத் திட்டங்கள் உலகெங்கும் வலுப்பெற்றன.

முதுமையின் மறுபக்கம் செலவு. பழைய விமானம் எரிபொருளை அதிகம் குடிக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விமானத்தை ஏறக்குறைய முழுவதுமாகப் பிரித்துப் பார்க்கும் ‘டி’ சோதனைக்கு வாரக்கணக்கில் கொட்டகையில் நிற்கிறது. ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் சரிசெய்ய வேண்டியவை கூடுகின்றன. ஆனால் வாங்கிய கடன் அடைந்துவிட்டதால் தவணைச் சுமை இல்லை. எனவே நாளொன்றுக்குச் சில மணி நேரமே பறக்க வேண்டிய இடத்தில் பழைய விமானம் இலாபமாகவும், பகலிரவாகப் பறக்க வேண்டிய இடத்தில் நட்டமாகவும் அமையும். எரிபொருள் மலிவாக இருக்கும்வரை பழையதை வைத்திருக்கலாம். விலை ஏறினால் கணக்கு தலைகீழாகிவிடும். திட்டமிடுவோர் எடைபோட வேண்டியது இந்தத் தராசையே.

டகோட்டாவிலிருந்து போயிங் 737 வரை

1953ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய விமானக் கழகங்கள் சட்டத்தின்படி, எட்டு உள்நாட்டு விமான நிறுவனங்கள் இணைக்கப்பட்டு இந்தியன் ஏர்லைன்ஸ் கழகம் உருவாயிற்று. தொடக்கத்தில் அதனிடம் 99 விமானங்கள் இருந்தன. அவற்றுள் 74 டிசி-3 டகோட்டாக்கள், 12 வைக்கிங்குகள், 3 டிசி-4கள். பல நிறுவனங்களின் பழைய சொத்துகள் ஒரே கூரையின்கீழ் வந்து குவிந்ததால், புதிய கழகம் பிறக்கும்போதே விமானங்களை மாற்ற வேண்டிய கடமையுடன் பிறந்தது எனலாம்.

அக்கடமையைக் கழகம் முதல் இருபது ஆண்டுகளில் சீராகவே நிறைவேற்றியது. 1957இல் விக்கர்ஸ் வைகவுண்ட், 1961இல் ஃபாக்கர் எஃப்27, 1964இல் முதல் ஜெட் விமானமான பிரெஞ்சு நாட்டுக் காரவெல் ஆகியவை வந்தன. கான்பூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் தயாரித்த எச்எஸ்-748 விமானங்கள் சிறு நகரங்களை இணைத்தன. 1970ஆம் ஆண்டின் இறுதியில் போயிங் 737-200 வந்து சேர்ந்தது. 1976இல் அகன்ற உடல் ஏ300 முக்கிய வழித்தடங்களில் பறக்கத் தொடங்கியது.

காரவெல் விமானங்களின் கதை ஓர் எச்சரிக்கையாக அமைந்தது. 1976 அக்டோபர் 12 அன்று பம்பாயிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட காரவெல் ஒன்றின் எஞ்சின் பழுதடைந்து தீப்பற்றியது. திரும்பி வந்து இறங்க முயன்றபோது அது நொறுங்கி, 95 பேர் மாண்டனர். எஞ்சினின் அழுத்த வட்டு ஒன்றில் ஏற்பட்டிருந்த உலோகச் சோர்வு விரிசலே தொடக்கக் காரணம் என்று கண்டறியப்பட்டது. இதன்பின் காரவெல்கள் படிப்படியாக விலகின. அவற்றின் இடத்தையும் 737களே நிரப்பின. 1980களில் இருபதுக்கும் மேற்பட்ட 737-200கள் நாட்டின் நடுத்தர வழித்தடங்களைத் தாங்கி நின்றன.

757இலிருந்து ஏ320க்கு

1980களின் தொடக்கத்தில் பயணிகள் பெருகினர். 1970இல் வந்த முதல் தொகுதி 737களுக்கு மாற்றும் தேவைப்பட்டது. 1984இல் இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 757 விமானத்தை வாங்க விருப்பம் தெரிவித்தது. ஆனால் 1985இல் அரசின் எண்ணம் மாறியது. அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி, அரசியலுக்கு வருமுன் இதே நிறுவனத்தில் விமானியாகப் பணியாற்றியவர். ஐரோப்பிய ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ320 தெரிவு செய்யப்பட்டு, 1986இல் 19 விமானங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மேலும் 12 விமானங்களைப் பின்னர் வாங்கிக்கொள்ளும் உரிமையும் பெறப்பட்டது.

இம்முடிவு துணிச்சலானது. ஒப்பந்தம் கையெழுத்தானபோது ஏ320 ஒருமுறைகூட வானில் பறந்திருக்கவில்லை. அதன் முதல் சோதனைப் பறப்பு 1987 பிப்ரவரியில்தான் நடந்தது. விமானியின் கையசைவைக் கம்பிகள், கப்பிகள் வழியாக இறக்கைக்குக் கடத்தும் பழைய முறைக்குப் பதிலாக, கணினிகள் வழியாக மின்குறிப்புகளால் கடத்தும் முறையை முழு அளவில் கொண்டுவந்த முதல் பயணிகள் விமானம் அது. பெரிய சக்கரம்போன்ற கட்டுப்பாட்டுக் கருவிக்குப் பதில் பக்கவாட்டில் ஒரு சிறு கைப்பிடி. கடிகாரம்போன்ற முள் கருவிகளுக்குப் பதில் திரைகள். எஞ்சினும் புதியது: வி2500.

இந்திய ஓடுபாதைகளுக்காக ஒரு தனி மாற்றமும் செய்யப்பட்டது. வலிமை குறைந்த ஓடுபாதைகளில் எடை பரவலாக இறங்க வேண்டும் என்பதற்காக, வழக்கமாக ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு சக்கரங்கள் இருக்கும் இடத்தில் நான்கு சக்கரங்கள் பொருத்தப்பட்டன. உலகில் இந்தியன் ஏர்லைன்ஸின் ஏ320களுக்கு மட்டுமே அமைந்த தனித்தன்மை இது. விமானம் வாங்குவது என்பது தரையின் தன்மையையும் கணக்கில் கொள்வது என்பதற்கு இந்தச் சக்கரங்களே சான்று.

பெங்களூரு, 1990 பிப்ரவரி 14

1989ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஏ320கள் வந்து சேரத் தொடங்கின. ஓராண்டு நிறைவதற்குள் பேரிடி விழுந்தது. 1990 பிப்ரவரி 14 அன்று பம்பாயிலிருந்து பெங்களூரு வந்த ஐசி 605 விமானம், எச்ஏஎல் விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு முன்பாகவே கோல்ஃப் மைதானத்தில் இறங்கி மோதித் தீப்பற்றியது. அதிலிருந்த 146 பேரில் 92 பேர் உயிரிழந்தனர். இந்தியன் ஏர்லைன்ஸிடம் அவ்விமானம் வந்து இரண்டு மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை.

இறங்கும்போது எஞ்சின்கள் வெறுமனே ஓடும் நிலையில் இருக்க, வேகம் குறைந்துகொண்டே வந்ததை விமானிகள் உரிய நேரத்தில் உணரவில்லை என்பதை விசாரணை கண்டது. விமானத்தின் தானியங்கி முறைகளில் எது இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்வதில் ஏற்பட்ட பிழை அது. முள் கருவிகளுடன் பழகி வளர்ந்த விமானிகள் ஒரே பாய்ச்சலில் கணினி அறைக்குள் நுழைந்தனர். அந்தப் பாய்ச்சலுக்கேற்ற பயிற்சியும் பழக்கமும் போதிய அளவு முதிர்ந்திருந்தனவா என்ற கேள்வி எழுந்தது.

எஞ்சிய ஏ320கள் அனைத்தையும் அரசு தரையிறக்கியது. புத்தம் புதிய விமானங்கள் மாதக்கணக்கில் தரையில் நின்றன. கடன் தவணையோ நிற்கவில்லை. அவற்றுக்குப் பதில் பறந்தவை, எவற்றை மாற்றுவதற்காக அவை வாங்கப்பட்டனவோ அதே பழைய 737கள். அதே ஆண்டில், 757ஐ விட்டு ஏ320க்கு மாறிய முடிவு பற்றி மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்து விசாரிக்கத் தொடங்கியது.

ஏ320 பின்னர் பறக்க அனுமதிக்கப்பட்டது. ஹைதராபாத்தில் உள்ள மத்தியப் பயிற்சி நிலையத்தின் ஒப்புருக் கருவிகளில் விமானிகள் பயிற்சி பெற்றனர். அந்த விமானங்களுள் பல இருபது ஆண்டுகளைத் தாண்டியும் பயணிகளைச் சுமந்தன. உலக அளவிலும் ஏ320 பெருவெற்றி பெற்றது. அதாவது, 1986இல் எடுத்த தெரிவு நீண்டகால நோக்கில் தவறானதன்று. ஆனால் அது பதித்த வடு ஆழமானது. விமானம் வாங்கும் கோப்பில் கையெழுத்திடுவது ஆபத்தான செயல் என்ற எண்ணம், நிறுவனத்திலும் அமைச்சகத்திலும் வேரூன்றப் போதுமான காரணங்கள் அந்த ஓராண்டில் சேர்ந்துவிட்டன.

வானம் திறந்தது

இதே காலத்தில்தான் இந்திய வான்வழி தனியாருக்குத் திறந்தது. 1992இல் ஈஸ்ட்-வெஸ்ட் ஏர்லைன்ஸ் வந்தது. 1993 மே மாதம் ஜெட் ஏர்வேஸ் நான்கு குத்தகை போயிங் 737-300களுடன் பறக்கத் தொடங்கியது. 1994இல் விமானக் கழகங்கள் சட்டம் நீக்கப்பட்டு, இந்தியன் ஏர்லைன்ஸின் தனியுரிமை சட்டப்படியும் முடிவுக்கு வந்தது.

தனியார் நிறுவனங்களுக்கு இரு வசதிகள் இருந்தன. ஒன்று, விமானங்களைக் குத்தகைக்கு எடுப்பது. வாங்குவதற்குப் பெருந்தொகை தேவைப்படும். குத்தகைக்கு மாத வாடகை போதும். முடிவும் விரைவில் எடுக்கலாம். பிழையானால் திருப்பிக் கொடுத்துவிடலாம். மற்றொன்று, இந்தியன் ஏர்லைன்ஸ் பயிற்றுவித்த விமானிகளும் பொறியாளர்களும். அவர்களுள் பலர் கூடுதல் ஊதியத்துக்காகத் தனியாருக்கு மாறினர்.

பொதுத்துறை நிறுவனத்தின் நிலை வேறு. அதன் இயக்குநர் குழு ஒப்புதல் அளித்தபின் கோப்பு அமைச்சகத்துக்குச் செல்ல வேண்டும். பிற துறைகளின் கருத்தைப் பெற வேண்டும். இறுதியில் அமைச்சரவை முடிவு செய்ய வேண்டும். இடையில் ஆட்சி மாறினால் கேள்விகள் முதலிலிருந்து தொடங்கும். 1996 முதல் 1999 வரை மட்டும் மூன்று மக்களவைத் தேர்தல்கள் நடந்தன. 2000ஆம் ஆண்டுக்குப் பின் நிறுவனத்தின் பங்குகளை விற்கும் திட்டமும் எழுந்தது. விற்கப்போகும் வீட்டுக்கு எவரும் புதுக்கூரை போடுவதில்லை. விற்பனை நடக்கவும் இல்லை; விமானம் வாங்கவும் இல்லை.

அலையன்ஸ் ஏரும் பாட்னா விபத்தும்

பழைய 737-200களை என்ன செய்வது என்ற கேள்விக்கு 1996இல் ஒரு விடை காணப்பட்டது. அலையன்ஸ் ஏர் என்ற துணை நிறுவனம் தொடங்கப்பட்டு, அவை அதனிடம் ஒப்படைக்கப்பட்டன. திட்டமிடல் நோக்கில் இதற்கு ஒரு நியாயம் உண்டு. தாய் நிறுவனம் ஏ320களுடன் முக்கிய வழித்தடங்களில் போட்டியிடும். துணை நிறுவனம் கடன் தீர்ந்த விமானங்களைக் கொண்டு குறைந்த செலவில் மற்ற நகரங்களுக்குப் பறக்கும். ஆனால் விமானம் மாறவில்லை. அதன் மேலிருந்த பெயர் மட்டுமே மாறியது.

2000 ஜூலை 17 அன்று அலையன்ஸ் ஏரின் 737-200 ஒன்று பாட்னாவில் இறங்க முற்பட்டபோது, விமான நிலையத்துக்கு அருகிலிருந்த அரசுக் குடியிருப்பின்மீது விழுந்தது. விமானத்தில் இருந்தோரில் 55 பேரும் தரையில் இருந்த 5 பேரும் மாண்டனர். விமானத்துக்கு அப்போது 20 வயது. முதுமையடைந்த விமானங்களைப் பறக்கவிடுவது பற்றிய கண்டனம் நாடெங்கும் எழுந்தது.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பாட்னா விபத்துக்கு விமானிகளின் பிழையே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. விமானத்தின் வயதை அது காரணமாகக் கூறவில்லை. இந்தியன் ஏர்லைன்ஸ் 737-200கள் சிக்கிய முந்தைய பெரும் விபத்துகளின் நிலையும் இதுவே. 1988இல் அகமதாபாத்தில் 133 பேரும், 1991இல் இம்பால் அருகே 69 பேரும், 1993இல் அவுரங்காபாத்தில் 55 பேரும் உயிரிழந்தனர். அவற்றிலும் பறக்கும் முறையில் நேர்ந்த பிழைகளே முதன்மையாகச் சுட்டப்பட்டன. முறையாகப் பராமரிக்கப்படும் பழைய விமானம் பாதுகாப்பானதே என்று பொறியாளர்கள் கூறுவது உண்மை.

ஆனால் அது முழு உண்மையன்று. இரு தலைமுறைகளுக்கு இடைப்பட்ட காலத்தில், விமானியைப் பிழையிலிருந்து காக்கும் கருவிகள் வளர்ந்துகொண்டே இருந்தன. வேகம் அளவுக்குமீறிக் குறையும்போது ஏ320இன் கணினி தானே தலையிட்டு விமானம் மிதக்கும் ஆற்றலை இழக்காதபடி தடுக்கப் பார்க்கும். 1960களில் வடிவமைக்கப்பட்ட 737-200 எச்சரிக்கும். மற்றதை விமானியிடம் விட்டுவிடும். பழைய விமானம் தானாக விழுவதில்லை. ஆனால் மனிதத் தவறை அது புதிய விமானத்தின் அளவுக்கு மன்னிப்பதில்லை. பெங்களூரு விபத்து காட்டுவதுபோல, புதிய விமானமும் எல்லாத் தவறுகளையும் மன்னித்துவிடுவதில்லை.

43 விமானங்கள்: கோப்பு கடந்த பாதை

2002 மார்ச்சில் இந்தியன் ஏர்லைன்ஸ் இயக்குநர் குழு 43 ஏர்பஸ் விமானங்கள் வாங்க ஒப்புதல் அளித்தது. ஏ319, ஏ320, ஏ321 என்னும் மூன்று அளவுகளில் அவை திட்டமிடப்பட்டன. இத்தெரிவு திட்டமிடல் நோக்கில் மிகச் சரியானது. மூன்றும் ஒரே குடும்பம். விமானி அறை ஒன்றே என்பதால் ஒரே விமானி மூன்றையும் ஓட்டலாம். பயணிகள் குறைந்த வழித்தடத்துக்குச் சிறியதையும் மிகுந்த வழித்தடத்துக்குப் பெரியதையும் அனுப்பலாம்.

ஆனால் அரசின் ஒப்புதல் 2005 செப்டம்பரில்தான் கிடைத்தது. 2006 பிப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இயக்குநர் குழுவின் ஒப்புதலுக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. அதற்குள் ஜெட் ஏர்வேஸ் உள்நாட்டுச் சந்தையில் இந்தியன் ஏர்லைன்ஸை முந்திவிட்டது. குறைந்த கட்டண விமானச் சேவையும் 2003இல் பிறந்துவிட்டது.

வாங்கப்பட்ட 43இல் ஏ319 19, ஏ320 4, ஏ321 20. இவற்றில் சிஎஃப்எம்56 எஞ்சின்கள் பொருத்தப்பட்டன. பழைய ஏ320களிலோ வி2500 எஞ்சின்கள் இருந்தன. எனவே உடல் ஒரே குடும்பமாக இருந்தும் எஞ்சின் இரண்டு குடும்பமாயிற்று. உதிரிப் பாகங்களும் பயிற்சி பெற்ற பொறியாளர்களும் இருவகையாகத் தேவைப்பட்டனர்.

ஓர் ஒப்பீடு

2005 ஜூனில் பாரிஸ் விமானக் கண்காட்சியில் இண்டிகோ என்ற புதிய நிறுவனம் 100 ஏ320 விமானங்களுக்கு ஆணை அளித்தது. அப்போது அதனிடம் ஒரு விமானம்கூட இல்லை. அதன் முதல் பயணிகள் விமானம் 2006 ஆகஸ்ட் 4 அன்றுதான் பறந்தது. நாற்பது ஆண்டுகளுக்குமேல் அனுபவமுள்ள நிறுவனம் 43 விமானங்களுக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்க, பிறக்காத நிறுவனம் 100 விமானங்களை ஒரே நாளில் கேட்டது.

இண்டிகோவின் திட்டம் எளிமையானது. ஒரே வகை விமானம், ஒரே வகை எஞ்சின். மொத்தமாக ஆணை அளிப்பதால் விலையில் தள்ளுபடி. விமானம் கைக்கு வந்ததும் குத்தகை நிறுவனத்துக்கு விற்று, அதையே வாடகைக்கு எடுத்துக்கொள்ளுதல். சில ஆண்டுகள் பறந்தபின் விமானத்தைத் திருப்பிக் கொடுத்துப் புதியதைப் பெறுதல். பழைய விமானத்தை எப்போது மாற்றுவது என்ற கேள்வி இங்கே தனியாக எழுவதே இல்லை. விடை குத்தகைப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இணைப்பும் கடனும்

2005 டிசம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் ‘இந்தியன்’ எனப் பெயர் மாறியது. 2007இல் ஏர் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. புதிய விமானங்கள் வரத் தொடங்கிய அதே காலத்தில் இரு பெரும் நிறுவனங்களின் இணைப்புச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் 147 டாலர்வரை ஏறியது. அவ்வாண்டின் இறுதியில் உலகப் பொருளாதாரமே சரிந்தது.

விமானங்களுக்கான பணம் ஏறக்குறைய முழுவதும் கடனாகவே திரட்டப்பட்டிருந்தது. இரு நிறுவனங்களின் விமானக் கொள்முதல்களை ஆராய்ந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2011ஆம் ஆண்டு அறிக்கை, முடிவெடுப்பதில் ஏற்பட்ட நீண்ட தாமதத்தையும் கடனைச் சார்ந்த நிதித் திட்டத்தையும் கடுமையாக விமர்சித்தது. சிறுகச் சிறுக ஆண்டுதோறும் மாற்றியிருந்தால் கடனும் சிறுகச் சிறுக ஏறி, வருவாயால் அடைந்திருக்கும். பதினைந்து ஆண்டுகள் எதையும் செய்யாமல் இருந்துவிட்டு மொத்தமாக வாங்கியதால், சுமையும் மொத்தமாக ஏறியது.

2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா டாடா குழுமத்தின் கைக்கு மாறியது. அவ்வாண்டு செப்டம்பரில் அதனிடம் இருந்த 70 குறுகிய உடல் விமானங்களில் 54 மட்டுமே பறக்கும் நிலையில் இருந்தன. 2006க்குப்பின் புதியனவாக வந்த விமானங்களும் இப்போது மாற்றத்துக்குக் காத்திருக்கும் பழையனவாகிவிட்டன. 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கான திட்டத்தை அறிவித்தது. அவற்றுள் ஏ320 நியோ, ஏ321 நியோ 210, போயிங் 737 மேக்ஸ் 190 என 400 விமானங்கள் குறுகிய உடல் வகையின.

புதியதற்கும் ஒரு விலை

விரைந்து மாற்றுவதே எப்போதும் சரி என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக்கூடாது. ஏ320 நியோவுக்கென உருவான எஞ்சின் வகைகளுள் ஒன்று பிராட் அண்ட் விட்னி தயாரிப்பு. எரிபொருளைக் கணிசமாக மிச்சப்படுத்தும் அந்த எஞ்சின்களில் பழுதுகள் தோன்றியதால், இந்தியாவில் பல புதிய விமானங்கள் மாற்று எஞ்சின் கிடைக்காமல் தரையில் நின்றன. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் இந்த எஞ்சின் பற்றாக்குறையையே காரணம் காட்டித் திவால் நடைமுறைக்கு விண்ணப்பித்தது. 1990இல் பெங்களூரு கற்பித்ததை இது வேறு வடிவில் மீண்டும் கற்பித்தது: புதிய தொழில்நுட்பத்தை முதலில் வாங்குபவர், அதன் குழந்தைப் பருவ நோய்களையும் சேர்த்தே வாங்குகிறார்.

எனவே தேர்ந்த நிறுவனங்கள் தம் விமானங்கள் அனைத்தையும் ஒரே வயதில் வைத்திருப்பதில்லை. சில புதியன, சில நடுவயதின, சில ஓய்வை நெருங்குவன எனப் படிப்படியாக அமைத்துக்கொள்கின்றன. சொந்த விமானங்களையும் குத்தகை விமானங்களையும் கலந்து வைக்கின்றன. புதியது தடுமாறினால் பழையது சிறிது காலம் தாங்கும். எரிபொருள் விலை ஏறினால் பழையதை உடனே விலக்கலாம்.

முடிவுரை

இந்தியன் ஏர்லைன்ஸின் வரலாற்றில் இரு இடர்களும் தெளிவாகப் பதிந்துள்ளன. 1989இல் வந்த ஏ320 காலத்துக்கு முந்தியது. அதற்காக நிறுவனம் உயிர்களாலும் பணத்தாலும் பெரும் விலை கொடுத்தது. ஆனால் பயிற்சியாலும் அனுபவத்தாலும் அந்த இடர் சில ஆண்டுகளில் தீர்ந்தது. அதன்பின் வந்த தயக்கமோ பதினைந்து ஆண்டுகள் நீடித்தது. எந்த ஒரு நாளிலும் அது விபத்தாக வெடிக்காததால் யாரும் அதைத் தடுத்து நிறுத்தவில்லை. சந்தையும் திறமையான பணியாளர்களும் சிறிது சிறிதாகக் கைநழுவினர். தவறான முடிவை விசாரிக்க ஆணையம் அமைகிறது; எடுக்கப்படாத முடிவைக் கணக்குத் தணிக்கையாளர் பல ஆண்டுகள் கழித்துத்தான் கண்டுபிடிக்கிறார்.

2025 நவம்பரில் கொல்கத்தா விமான நிலையத்திலிருந்து ஒரு பழைய போயிங் 737-200 லாரியில் ஏற்றப்பட்டுச் சாலை வழியே பெங்களூருவுக்குப் புறப்பட்டது. 1982இல் இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்த விமானம் அது. அலையன்ஸ் ஏரில் பயணிகளையும், பின்னர்ச் சரக்கு விமானமாக அஞ்சல் பைகளையும் சுமந்து, 2012 முதல் அங்கேயே நின்றிருந்தது. கணக்கேடுகளிலிருந்து விடுபட்டுப்போனதால், தன்னிடம் அப்படியொரு விமானம் இருப்பதையே உரிமையாளரான நிறுவனம் மறந்திருந்தது. விமான நிலையம் அதை அகற்றும்படி கேட்டபோதுதான் நினைவு வந்தது. பராமரிப்புப் பொறியாளர்களின் பயிற்சிக்குப் பயன்படுவதற்காக அது பெங்களூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 43 வயதான அவ்விமானத்திலிருந்து பொறியாளர்கள் உலோகத்தையும் ஆணிகளையும் பற்றிக் கற்பார்கள். எப்போது விடைகொடுக்க வேண்டும் என்பதை அதனிடமிருந்து கற்க வேண்டியவர்கள் விமான நிறுவனங்களை நடத்துவோர்.